பரங்கிக்காய் பாஸ்தாவில் போடாத முட்டை

என் மருமகள் செய்த இனிப்பில் முட்டை இருக்கிறது என்று நான் பொய் சொன்னேன். வாய்தவறி வந்த பொய் கிடையாது. அதில் முட்டை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று, சிரித்த முகத்தோடு சொன்னேன்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் குடியிருப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் ஒரு குற்றமா என்று தோன்றும். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் வாழ்கிற இடம் இது. பாதி வீடுகளில் முட்டை உள்ளே வராது. வீட்டுக்குள் வராது என்பதுதான் கணக்கு. அதே வீட்டு மனிதர்கள் குரோம்பேட்டை பேக்கரி வாசலில் நின்று எக் பப்ஸ் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் என்னைப் பார்த்திருக்கிறார்கள். அப்போது இரு தரப்பும் தலையை உயர்த்தி, மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானத்தை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்வோம். ஆனால் மொட்டைமாடியில், எல்லோருக்கும் பொதுவான மேசையில் முட்டை வந்தால் அது வேறு விஷயம். அங்கே எல்லோரும் சுத்த சைவம்.

எங்கள் வீடும் சைவம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணை என் மகன் விரும்பியபோது நான் உடனே சம்மதித்தேன். உடனே சம்மதித்ததை அதன்பின் பல வருஷங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பந்தியில் ஒருவர், "சார், உங்களை மாதிரி புரோகிரெஸிவா யோசிக்க மனசு வேணும்" என்றார். அந்த வாக்கியத்தை இன்றும் அப்படியே ஒப்பிப்பேன். சம்மதித்ததற்குக் கைம்மாறாக அந்தப் பெண் காலமெல்லாம் என்னைவிட ஒரு படி குறைவாகவே தெரிய வேண்டும் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறன்று எங்கள் குடியிருப்பில் கூட்டுச் சாப்பாடு நடக்கும். வீட்டுக்கு ஒரு பண்டம். அவள் வந்த பிறகு வந்த முதல் பொங்கலுக்கு, "இந்தத் தடவை நான் செய்றேன் அத்தை" என்று என் மனைவியிடம் சொன்னாள். அவளுடைய அம்மா ஒரு பள்ளி ஆசிரியை. அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு இனிப்பு உண்டு: பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, பாஸ்தாவோடு சேர்த்து, பாலும் சர்க்கரையும் முட்டையும் ஊற்றி ஓவனில் சுடுவது. துண்டு போட்டால் கேக் மாதிரி நிற்கும். அதை முட்டை இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். மேசையில் இருக்கிற ஒவ்வொருவரும் கேள்வி கேட்காமல் எடுத்துச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. இந்தக் கட்டடத்தில் அவள் கேட்ட ஒரே இடம் அந்த மேசையில் ஒரு தட்டு வைக்கிற அளவு.

அலுவலகம் விட்டு வந்து ஒவ்வொரு சாயங்காலமும் முயன்றாள். சோளமாவு மட்டும் போட்டபோது கூழாக வழிந்தது. அளவைக் கூட்டினால் ரப்பர் மாதிரி இழுத்தது. கடைசியில் தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டு, நீர் வடிந்த கட்டித் தயிரோடு கொஞ்சம் சோளமாவு சேர்த்தாள். பரங்கிக்காய் மசியலை நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் போட்டு ஈரம் போகச் சுண்டக் கிளறினாள். ஜாதிக்காயைத் துருவிப் போட்டாள். மேலே முந்திரியும் ரஸ்க் தூளும் தூவினாள். அது நின்றது. கத்தி வைத்தால் ஓரம் கலையாமல் வந்தது.

தோற்றுப்போன தட்டுகளையெல்லாம் தின்றவன் நான். "மாமா, இது எப்படி?" என்று ஒவ்வொரு தடவையும் என் முன்னால்தான் வைப்பாள். நானும் கல்லூரியில் பரிசோதனைக் குறிப்பைத் திருத்துகிற தோரணையில், "சேர்மானம் போதலம்மா" என்பேன். கெமிஸ்ட்ரி பாடம் நடத்தியவனுக்கு ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த ஒரே ஆய்வுக்கூடம் அது.

அந்த ஞாயிறு வந்தது. சாப்பாட்டுக்கு முன் மைக் பிடித்துப் பேசுவது வருஷா வருஷம் என் வேலை. யாரும் என்னைக் கேட்டுக்கொண்டதாக நினைவில்லை. யாரும் தடுத்ததாகவும் நினைவில்லை. பண்டிகைகளில் ஒளிந்திருக்கும் விஞ்ஞானத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். அதில் விஞ்ஞானமும் குறைவு, பண்டிகையும் குறைவு. அப்போது அவள் மாடிக்கு வந்து, தட்டை மேசையில் வைத்து, மூடியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்தாள். நெய்யும் ஜாதிக்காயும் கலந்த வாசனை காற்றில் வந்தது. முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது. பிறகு பின் வரிசை முழுவதும் திரும்பியது. பாதி வாக்கியத்தில் நான் நிற்க, கூட்டம் எழுந்து மேசைப் பக்கம் போனது. செயலாளர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "புரொபசர் சார் மீதியை அப்புறம் சொல்லுவாரு, சாப்பிடலாம்" என்றார்.

காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஸ்பூன் மறந்துவிட்டதென்று அவள் கீழே போயிருந்தாள். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பெண்மணி ஒரு துண்டை டிஷ்யூ பேப்பரில் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மக்ரோனிதானே சார் இது? எப்படி கேக் மாதிரி நிக்குது?"

"புரோட்டீன் சூட்டுல இறுகுதும்மா. சாதாரண கெமிஸ்ட்ரி."

"அப்ப எக் இருக்கா சார்?"

"பின்னே?" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் துண்டை டிஷ்யூவில் மடித்தார், குழந்தையின் விழுந்த பல்லை மடிப்பதுபோல. பிறகு அது காதுக்குக் காது போனது. புரொபசர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதுவும் சொந்த வீட்டு விஷயம்.

இனி எங்கள் மக்களின் நாகரிகத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர்கூட அவளிடம் போய், "இதுல முட்டை இருக்கா?" என்று கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெண் மனம் நோகுமாம். கேட்டிருந்தால் அவள், "இல்லீங்க ஆன்ட்டி" என்று சொல்லியிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். ஸ்பூன் கட்டோடு மேலே வந்தவளிடம் ஆளுக்கு ஒரு சமாதானம் சொன்னார்கள். "எனக்கு சுகர்மா." "இப்பதான் பாயசம் சாப்ட்டேன்." "டயட்ல இருக்கேன் டியர்." கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு வாலிபன், தினம் ஆம்லெட் தின்கிறவன், தட்டை நோக்கிக் கையை நீட்டினான். பக்கத்தில் நின்ற அவன் அம்மா தொண்டையைச் செருமினார். கை அப்பளத்துக்குத் திரும்பியது.

தட்டு போனது போலவே இறங்கிவந்தது. மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, "யாருக்குமே பிடிக்கலையா மாமா?" என்று கேட்டாள்.

"புதுசு எதுவும் ஜனங்களுக்குப் பழகாதும்மா" என்றேன். மிகவும் ஆறுதலாகச் சொன்னேன்.

அந்த இனிப்பை ஃப்ரிட்ஜில் வைத்து நாங்கள்தான் தின்று தீர்த்தோம். நான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன். அற்புதமாக இருந்தது.

என் மனைவி அன்று பக்கத்திலேயே இருந்தாள். எல்லாம் கேட்டது அவளுக்கு. அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முட்டைக்கோஸ் பொரியல் வைத்தபோது, "பேருல முட்டை இருக்கே, சாப்பிடுவீங்களா சார்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை வீட்டில் 'சார்' என்றே கூப்பிட்டாள். "நீங்களா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா மாமியார் மூட்டிவிட்டதா ஆயிடும்" என்பாள். சொல்கிறேன் என்பேன். அடுத்த பொங்கலுக்கு மருமகள் கடையில் வாங்கிய மிக்ஸர் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். அதற்கு அடுத்த பொங்கலுக்கு வேலை இருக்கிறதென்று மாடிக்கே வரவில்லை. ஓவனை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான்.

போன பொங்கலுக்கு முன் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். அதே இனிப்பை நானே செய்து, மைக்கில் உண்மையைச் சொல்லிப் பரிமாறுவது என்று திட்டம். பரங்கிக்காய்த் தோலின் கெட்டித்தனம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. கத்தி ஒரு பக்கம் போக, காய் மறுபக்கம் உருண்டது. அடுக்களைத் தரையெல்லாம் விதை. அந்த நேரம் பார்த்து அவள் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டாள்.

"என்ன மாமா இது? என்ன தேடுறீங்க?"

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். மைக், வாசனை, 'பின்னே' எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஜாதிக்காய் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில்.

நான் தரையில் கிடந்த விதைகளைப் பொறுக்கினேன்.

"அதனாலதான் அதுக்கப்புறம் எதுலயும் ஜாதிக்காய் போடல. அப்ப, அது நல்லாதான் இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

அவள் முகத்தில் வந்தது சிரிப்பு மாதிரித்தான் இருந்தது. நீடிக்கவில்லை. மைக்கில் சொல்லப்போகிறேன் என்றதும் தலையை ஆட்டினாள். "வேணாம் மாமா. நீங்க மைக் பிடிச்சா உங்களுக்குத்தான் கை தட்டுவாங்க."

சொன்னால் கேட்கிற ஆளா நான்? மன்னிப்புக் கேட்பதிலும் எனக்கு மேடை வேண்டியிருந்தது. பேசினேன். நான் சொன்னது பொய், அதில் முட்டை கிடையாது, அந்தப் பெண் எங்களுக்காக எத்தனையோ சாயங்காலங்கள் பாடுபட்டுச் செய்தாள், நான் பொறாமையில் கெடுத்தேன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குரல் ஒரு இடத்தில் தழுதழுத்தது. அதை நான் தடுக்கவில்லை.

கை தட்டினார்கள். செயலாளர் என்னைக் கட்டிக்கொண்டார். "இந்த வயசுல இப்படி ஒத்துக்க பெரிய மனசு வேணும் சார்" என்றார் ஒருவர். நான் சுட்டு எடுத்துப்போன தட்டு கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. ஓரம் கருகியிருந்தது, நடு வேகவில்லை. அதை வழித்துத் தின்றார்கள். இரண்டாம் மாடிப் பெண்மணி, "சார் கையால செஞ்சதுன்னா நம்பிச் சாப்பிடலாம்" என்றார். அவர் மனதறிந்து யாரையும் புண்படுத்துகிறவர் கிடையாது. கேளம்பாக்கத்து வாலிபன் மட்டும், "அங்கிள், அவங்க செஞ்சது எப்ப கிடைக்கும்?" என்றான். அவன் அம்மா மறுபடி தொண்டையைச் செருமினார்.

அவள் மாடிக்கு வரவில்லை. காலித் தட்டைக் கீழே கொண்டுபோய், பரிசுக் கோப்பை மாதிரி அவள் முன்னால் நீட்டினேன். "ஒரு துண்டு மிச்சமில்லம்மா!"

தட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "கழுவி வச்சிடுங்க மாமா" என்றாள்.

அதன்பின் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் அதற்கு 'புரொபசர் ஸ்வீட்' என்று பெயர் வந்துவிட்டது. அது என்னுடையது இல்லை, என் மருமகளுடையது என்று எழுதினேன். பதிலுக்குக் கும்பிடுகிற கை எமோஜிகளாக வந்து குவிந்தன. மறுபடி எழுதினேன். மறுபடியும் கைகள். முன்பு அவள் இனிப்பை ஒருவரும் தொடாதபடி செய்தேன். பரிகாரம் என்ற பெயரில் அதை என்னுடையதாகவும் ஆக்கிக்கொண்டேன். பொய் சொன்ன நாளில் அவளிடம் அந்தச் செய்முறையாவது மிஞ்சியிருந்தது.

டிசம்பர் வந்தது. ஒரு நாள் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவின் உள்பக்கத்தில் முட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, எங்கள் வீட்டில் முதல்தடவையாக. மனைவியைப் பார்த்தேன்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றாள். "அவ்ளோ பெரிய பொய்யை இந்த வீட்டுல வச்சிருந்தோம். முட்டைக்கா சார் இடமில்ல?"

மருமகள் ஓவனை மேசையில் வைத்திருந்தாள். தாம்பரத்தில் அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோக, அவர்கள் வீட்டு முறைப்படியே, முட்டை போட்டுச் செய்யப்போகிறாளாம். ஜாதிக்காயை எடுத்துத் துருவிக்கொண்டிருந்தாள், தாராளமாக. நான் அடுக்களை வாசலில் நின்றேன். ஏதாவது பேசினால் அதுவும் மேடைப்பேச்சாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவள் திரும்பாமலே ஒரு பரங்கிக்காய்க் கீற்றை என் பக்கம் தள்ளினாள். "சும்மா நிக்காதீங்க மாமா. தோல் சீவிக் குடுங்க. விதை கீழ விழக் கூடாது."

சீவினேன். "இன்னும் மெல்லிசா சீவணும்" என்றாள். மெல்லிசாகச் சீவினேன். வெந்து வந்த தட்டை ஆறவைத்து, துணியில் கட்டி, எடுத்துக்கொண்டு போனாள். ஒரு துண்டுகூட எனக்கு வெட்டி வைக்கவில்லை. வீடெல்லாம் வாசனை இருந்தது.

இந்தப் பொங்கலுக்கு, 'புரொபசர் ஸ்வீட் உண்டுதானே?' என்று குழுவில் கேட்டார்கள். செய்யத் தெரியாது என்று பதில் போட்டேன். அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.