ஆறுதல் சொல்ல வந்தவர்

பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வரும், ஆனாலும் யாரிடமும் பேச மறுத்தார். தைரியம் சொல்ல ஒரு ஆளை அனுப்பப்பா என்று முருகனிடம் அழுதேன்.

வந்தவர், சுரங்கத்தில் இவரோடு ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்கியவர். மலை மாதிரி உடம்பு, தோளில் துண்டு. நாற்காலியில் உட்காரும் முன்பே ஓவென்று அழுதார். தினமும் இதே கதை. இனி வராதீங்கண்ணே என்று சொல்ல ஒருநாள் நான் வாயெடுத்தபோது, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“இன்னாய்யா, கை வராதது எனக்கா, உனக்கா? அழாத. எல்லாம் சரியாப்பூடும்.”

“நெஜமாவா சொல்ற?”

“நெஜமாதான்யா. ஏமே, இவனுக்கு டீ குடு.”

இப்போது இவர் தடி ஊன்றிக் கோயிலுக்கே வருகிறார். அவரைத்தான் காணோம். ஆண்டர்சன்பேட்டையில் யாரோ படுத்திருக்கிறாராம், அங்கே போய் அழுகிறாராம். முருகா, இது உன் வேலையா, அவர் சுபாவமா?