சேராபி அம்மாவுக்கு ஓர் இலை

செய்தி வந்தபோது அம்பிட்டிய வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் மகள் யாழினி, கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஹலீமா டீச்சர். காலைப் பூசை முடிந்து மணியைக் கீழே வைத்திருந்தேன். பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் பேசினார். "அக்கா போயிட்டாங்க" என்றார். பிறகு, "பூசையை முடிச்சிட்டியா?" என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார். பூசை நடுவில் நின்றால் அக்காவுக்குப் பிடிக்காது என்பது அந்த நேரத்திலும் அவருக்கு நினைவிருந்தது.

பரமேஸ்வரி மதினி என் கணவரின் மூத்த சகோதரி. கண்டித் தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். உங்களில் பலர் அவரைக் கவுண்டருக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். நான் எழுதப் போவது வீட்டுக்குள் நடந்ததையும் ஒரு பயணத்தில் நடந்ததையும். அவர் முடிக்காமல் விட்ட ஒரு காரியம் உங்கள் கையில் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கில எழுத்துகளை யாழினியின் பள்ளிப் புத்தகங்களைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். சீனிப் பையிலும் மருந்துப் போத்தலிலும் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்பேன். மதினி ஒருநாளும் சிரித்ததில்லை. "கூட்டி வாசிக்கிறவதான் ஒரு எழுத்தையும் விடமாட்டா. நாங்கல்லாம் பாதியைப் பாத்துட்டு மீதியை நாங்களே போட்டுக்கிற ஆளுக" என்பார். அந்தச் சொல் எங்கள் குடும்பத்துக்கே எவ்வளவு பொருந்தும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மதினியின் அப்பா, என் மாமனார், ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனவர். எகிப்தில் மூட்டை தூக்கும் படையில் மூன்று வருடம் இருந்தார். திரும்பி வந்ததும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்களாம். "அங்க மணலுக்கு மேல கப்பல் போகும்" என்று அவர் ஆரம்பித்தாராம். அவ்வளவுதான், லயமே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு 'மணல் கப்பல்' என்று பட்டப்பெயர். அதற்குப் பிறகு அவர் யுத்தத்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. கண்டிக்கு வந்து கடை போட்டார், பிள்ளைகளை வளர்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் ஆடி அமாவாசைப் படையலில் முன்னோர்களின் இலைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் இலை போடச் சொல்வார். அதில் இரண்டு ரொட்டி, ஒரு செம்புத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு அவர் முணுமுணுப்பதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழும். என் மாமியார் அதைச் 'சேராபி அம்மா' என்று காதில் வாங்கிக்கொண்டார். யார் அது என்று விசாரித்தபோது, "அங்க இருக்கிறதுக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு அது போதும். எகிப்தில் ஒரு துலுக்கச்சியைக் கட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். ஒவ்வொரு ஆடிக்கும் ரொட்டி தட்டிக்கொண்டே, "ராணிக்குச் சோறு இறங்காதாக்கும்! சக்களத்திக்கு நானே தட்டிப் போடுறேன், பாருங்கடி" என்பார். திட்டினாலும் ஒரு வருடமும் இலையை நிறுத்தவில்லை. மாமா இறந்த பிறகும் நிறுத்தவில்லை. மாமியார் கண்ணை மூடியதும் மதினி அதைத் தொடர்ந்தார், "சேராபி அம்மா, வந்து ஏத்துக்கங்க" என்று வாய்விட்டே சொல்லி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு படையல் முடிந்த மத்தியானம் மதினி சொன்னார்: "எனக்கு அங்க கூடப் பிறந்ததுக இருந்தா சாகிறதுக்கு முன்ன பாக்கணும்."

என் கணவர் பதறினார். "விடுங்கக்கா. அப்பாட மானத்தை ஏரோப்ளேன் ஏத்திக் கொண்டு போகணுமா?"

"விலாசம் சரியாத் தெரியாம ஒரு கடிதாசியை நான் பையில போட்டதில்லடா. இத்தனை வருசமா இதை மட்டும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

மதினி, என் கணவர், யாழினி, நான் என்று நான்கு பேர் புறப்பட்டோம். ஹலீமா டீச்சரின் தம்பி நியாஸ் மௌலவி எகிப்தில் படித்து அங்கேயே தங்கிவிட்டவர். அவர் துணைக்கு வந்தார். எங்களிடம் இருந்ததெல்லாம் மாமாவின் ஒரு பழைய யுத்தகாலப் படமும் அதன் பின்னால் எழுதியிருந்த 'இஸ்மாயிலியா' என்ற ஊர்ப்பெயரும். படையல் செம்பை மதினி தன் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

இஸ்மாயிலியாவில் ஒரு தேநீர்க் கடைக் கிழவரிடம் மௌலவி கேட்டார். எப்படிக் கேட்பது என்று அவருக்கே வெட்கம். சேராபி என்ற பெண், யுத்த காலம், இலங்கைச் சிப்பாய் என்று அரபியில் இழுத்து இழுத்துச் சொன்னார். கிழவர் படத்தைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், பிறகு பெரிதாகச் சிரித்துத் தெற்கே கையைக் காட்டினார். மௌலவி திரும்பினார். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"அக்கா, அது பொம்புள இல்ல. சராபியம்னு ஒரு ஊரு. ரயில் ஸ்டேஷன் இருக்காம்."

மதினி சிரிக்கவில்லை. "வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

சின்ன ஸ்டேஷன்தான். பெயர்ப்பலகையில் ஆங்கிலமும் இருந்தது. நான் எழுத்துக் கூட்டினேன். எஸ், ஈ, ஆர், ஏ, பீ... ஒரு எழுத்தையும் விடாமல் இரண்டு முறை கூட்டிக் கொப்பியில் எழுதினேன். சேராபியம். மாமா 'அம்மா' என்று சொல்லவே இல்லை. கடைசி 'அம்'முக்கு ஒரு 'மா'வை நாங்கள்தான் போட்டுக்கொண்டோம்.

அப்போது யாழினி, "அம்மா, அங்க பாருங்க" என்றாள். வெறும் மணல்மேடு. அதன் மேலே மலை போல ஒரு கப்பல், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மேட்டுக்குப் பின்னால் சூயஸ் கால்வாய் ஓடுகிறது. தண்ணீர் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தேர் வரும்போது கை தானாகக் கூடுவது போல என் கை கூடிவிட்டது. என் கணவர் தலையில் கை வைத்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா பொய் சொல்லல. அப்பா பொய் சொல்லல" என்றார். கப்பல் முழுதும் கடந்து போகும்வரை மதினி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அங்கிருந்து வண்டியில் கொஞ்ச தூரத்தில் யுத்தத்தில் இறந்தவர்களின் மயானம் ஒன்று இருப்பதாக ஸ்டேஷன்காரர் சொன்னார். பாலைவனத்துக்கு நடுவில் வரிசை வரிசையாகக் கல். அத்தனை கல்லுக்கும் யாரோ தண்ணீர் விட்டுப் பூச்செடி வளர்க்கிறார்கள். வாசல் பெட்டியில் பெயர்ப்பதிவுப் புத்தகம் இருந்தது. யாழினி வாசித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். பெரியசாமி, வயது இருபத்திரண்டு. தாய் பேச்சாயி, ஹேவாஹெட்ட, இலங்கை.

மாமா நினைத்தது இவரைத்தானா, இன்னும் பலரையா, எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததாக நான் எழுத மாட்டேன். அந்தக் கல்லுக்கு முன்னால் மதினி கடையில் வாங்கிய இரண்டு ரொட்டியை வைத்தார். செம்பில் தண்ணீர் ஊற்றினார். அந்தக் கல்லில் இருந்த வயதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வயதானவர், குழந்தை மாதிரி முழந்தாளிட்டுப் பேசினார்:

"சித்தப்பா, இத்தனை வருசமா பொம்பளை பேர் போட்டு அனுப்பிட்டோம். கோவிச்சுக்காதீங்க."

எழுந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆள் பேர் தப்புதான். ஆனா ஊர் பேர் சரியா இருந்திருக்கு பாரு. ஊர் சரியா இருந்தா தபால்காரன் எப்படியும் கொண்டு போய்ச் சேத்துருவான்."

கண்டிக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியாரின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "அம்மா, சக்களத்தி இல்லம்மா. ஸ்டேஷன்" என்றார். அதன் பிறகுதான் சிரித்தார். சிரித்து, அழுது, மறுபடி சிரித்தார். வாழ்நாள் முழுக்க ஒருத்தியைத் திட்டிக்கொண்டே அவளுக்கு ஒரு வருடமும் குறை வைக்காத அந்த மனுஷியை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு மதினி பேச்சாயியின் வம்சத்தைத் தேடினார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கோவில்களுக்கும் அவர் எழுதிய கடிதங்கள் பத்தொன்பது. அனுப்பிய நாளை எல்லாம் நான் கொப்பியில் குறித்திருக்கிறேன். பதில் வந்தவை இரண்டு. இரண்டிலும் தெரியாது என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் சோறு கொண்டுபோன என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "கடிதாசி வந்துச்சா?"

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் செம்பு, அந்தப் பதிவை எழுத்து விடாமல் எழுதிய என் கொப்பியின் பக்கம், விலாசம் தெரியாமல் எதையும் பையில் போடக்கூடாது என்ற அவருடைய பிடிவாதம். வரும் ஆடி அமாவாசைக்கும் அந்த இலை போடுவேன். இந்த முறை பெரியசாமி என்று பெயர் சொல்லி. ஆனால் அது அவர் வீட்டார் போட வேண்டிய இலை.

உங்கள் குடும்பத்தில் பேச்சாயி என்ற ஒரு பாட்டியைப் பற்றி, யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு மகனைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். தெரியாது என்றாலும் தெரியாது என்று எழுதுங்கள். ஆடிக்கு முன்னால் கிடைக்கும்படி, சீக்கிரமாக எழுதுங்கள்.