பில்லக்கா வீட்டு டப்பாக்கள்

ஊரடங்கு அறிவித்த அன்று மாலை, அந்த சூப்பர் மார்க்கெட்டில் வரிசை கடைக்குள்ளேயே வளைந்து, குளிர்பெட்டிகளைச் சுற்றி, வாசலைத் தாண்டி, வண்டி நிறுத்தும் இடம்வரை போயிருந்தது. ஜனங்கள் மாவு மூட்டையைத் தூங்கும் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தள்ளுவண்டி நிறைய உப்புப் பாக்கெட்டாகவே கொண்டுவந்து நிறுத்தினார்.

"இவ்வளவு உப்பை வச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள், பில் போட்டுக்கொண்டிருந்தவள்.

"தெரியலம்மா. எல்லாரும் எதையோ அள்ளிட்டிருந்தாங்க. நான் போறப்ப இதுதான் மிச்சம் இருந்துச்சு."

அவளுக்கு அந்தக் கடையிலும், குடியிருந்த கட்டடத்திலும் ஒரே பெயர்தான்: பில்லக்கா. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். கணவர் பெரிய அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். தினமும் மதியம் முந்நூறு பேருக்குக் குறையாமல் சமைத்துப் போடுகிறவர். வீட்டில் மட்டும் கரண்டியைத் தொட மாட்டார். யாராவது கேட்டால், "பல் டாக்டர் வீட்டுக்கு வந்தும் பல்லா பிடுங்குவாரு?" என்பார். இந்தப் பதிலை அவர் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் அன்றிலிருந்து விடியும் முன்பே எழுந்து ஒரு சோறு, ஒரு குழம்பு என்று முடித்து, மூன்று டப்பாவில் அடைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கென்று சாமான் வாங்கும் பழக்கம் ஒன்று இருந்தது. நாள் முழுக்கக் கடையிலேயே இருந்தாலும் அங்கே காய்கறி வாங்க மாட்டாள். வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டிக்காரி நிற்பாள். அவளிடம் நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவாள். நாளை மறுநாளைக்கு என்று எதையும் வாங்கியதில்லை. அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எப்போது திறந்தாலும் பாதி காலியாகத்தான் இருக்கும்.

கேன்டீன் மூடியது. அங்கே மிஞ்சிய அரிசி மூட்டைகளும் கோழியும் கிழங்கும் கணவரோடு வீட்டுக்கு வந்தன. மகளின் கல்லூரி ஃபோனுக்குள் வந்துவிட்டது. வெளியே போய்வர அனுமதி அந்த வீட்டில் பில்லக்காவுக்கு மட்டும்தான். சமையலறை யார் கைக்குப் போக வேண்டும் என்று யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. மறுநாள் அவள் வேலை முடிந்து களைத்து வந்தபோது, கதவைத் திறந்த மகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உள்ள வந்து பாரேன்."

விருந்தாளிகள் வந்தால் மட்டும் இறக்கும் பெரிய பாத்திரம் அடுப்பில் இருந்தது. விளிம்புவரை கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. பக்கத்தில் ஒரு குன்று சோறு.

"குறைச்சுத்தான் போட்டேன்" என்றார் கணவர்.

"நம்ம மூணு பேருங்க."

"அதான் சொல்றேன். குறைச்சுத்தான் போட்டேன்."

பாதி காலியாயிருந்த ஃபிரிட்ஜிலும் அவ்வளவுக்கு இடமில்லை. மிஞ்சியதை அவர் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து, மாடி மாடியாகக் கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைத்தார். மணியை அடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொள்வார். கதவு திறந்ததும் ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். சாயங்காலம் டப்பாக்கள் கழுவித் துடைத்து அதே போல வாசலுக்குத் திரும்பி வந்தன. இதுவே தினசரி வழக்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் சாமானும் மாறிப்போனது. தள்ளுவண்டிக்காரியைக் காணோம். கடையில் வேலை செய்கிறவர்கள் வாடிக்கையாளர் எல்லாரும் போன பிறகுதான் வாங்கலாம் என்பது புது உத்தரவு. ஆகவே வாரம் ஒருமுறை, மற்றவர்கள் வேண்டாமென்று விட்டுப்போனதை எல்லாம் இரண்டு பையில் அள்ளிக்கொண்டு வருவாள். நசுங்கிய டின்னில் பீன்ஸ், யாரும் கேள்விப்படாத கம்பெனியின் சேமியா, முளைவிட்ட உருளைக்கிழங்கு. வாசலிலேயே மகள் வாளியோடு காத்திருப்பாள். பாக்கெட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பால்கனிக் கம்பியில் துணி மாதிரி வரிசையாக உலர்த்துவாள். பால் சில நாள் சோப்பு வாசத்தோடு இருந்தது. கத்தரிக்காய்கூட உப்புத் தண்ணீரில் குளித்த பிறகே வீட்டுக்குள் வந்தது.

பில்லக்காவும் அப்படித்தான் உள்ளே வர முடிந்தது. உடுத்தியதை எல்லாம் வாளியில் போட்டு, தலைக்கு ஊற்றி, முகக்கவசத்தின் கோடு மூக்கில் பதிந்திருக்க நாற்காலியில் வந்து விழுவாள். கணவர் அவள் முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்காருவார்.

"இன்னைக்குக் கடைக்கு என்ன வந்துச்சு?"

"என்னமோ வந்துச்சு."

"வெங்காயம்?"

"பாக்கலைங்க."

"உப்பு சரியா இருக்கா? கொஞ்சம் தூக்கலோ?"

"சரியாத்தான் இருக்கு."

அவளுக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து தீனிதான் அவள் கையால் நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் மாவு போனது. வீட்டில் ரொட்டி சுட எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பிறகு சர்க்கரையும் வெண்ணெயும் போயின. ரொட்டி அலுத்துக் கேக்குக்கு மாறியிருந்தார்கள். அப்புறம் நூடுல்ஸாகவே போயிற்று. ஊரே அடுப்படியில் நின்று ஓய்ந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பக்கத்து கவுன்ட்டர் பெண் ஒருநாள் காய்ச்சலென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அந்த நாற்காலியில் மருந்தடித்துவிட்டு வேறொருத்தியை உட்கார வைத்தார்கள். வீட்டில் இதையெல்லாம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது குப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கட்டடத்துக்குப் பொதுவான பெரிய தொட்டியின் மூடியைத் தூக்கினாள். மேலாக ஒரு பை வாய் பிளந்து கிடந்தது. அதற்குள் முந்தின நாள் குழம்பு. உருளைக்கிழங்கை அப்படி நீளவாக்கில் சாய்த்து வெட்டுகிறவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். ஒரு துண்டுகூடக் கடிபட்டிருக்கவில்லை. பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தபால் உறையில் மேல்வீட்டு இன்சூரன்ஸ்காரரின் பெயர் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டு டப்பா திரும்பி வந்தபோது, "ரொம்பப் பிரமாதம்னு சொல்லுங்க" என்று அவர் மனைவி மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்ததை அவளே கேட்டிருந்தாள்.

மூடியைப் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஊரில் உள்ளவர்கள் தொட்ட பணத்தையும் பாட்டிலையும் நாளெல்லாம் தொட்டுவிட்டு வருகிறவள் வீட்டுச் சாப்பாடு. தானே அந்த இடத்தில் இருந்தாலும் யோசித்திருப்போம் என்று தோன்றியது. அந்த நினைப்புதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. கணவரிடம் சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"மத்தவங்களும் சமைக்கணும்ல. அவங்களுக்கும் பொழுது போக வேண்டாமா? கொஞ்சம் குறைச்சுச் செய்யுங்க."

"சரி" என்றார். மறுநாளும் பெரிய பாத்திரம்தான் ஏறியது.

அந்த வாரமே இன்சூரன்ஸ்காரர் அவள் கவுன்ட்டருக்கு வந்தார். வண்டியில் நாலு மாவு மூட்டை. வீட்டுக்கு இரண்டு என்று அப்போது கட்டுப்பாடு.

"அக்கா, நம்ம பில்டிங்தானே. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

அவள் இரண்டு மூட்டையை எடுத்துத் தன் காலடியில் வைத்துவிட்டு மற்ற இரண்டுக்குப் பில் போட்டாள்.

"அப்புறம், வீட்டுக்காரர் கைப்பக்குவம் இருக்கே" என்றார் அவர், மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே. "நேத்து விரலைச் சப்பிச் சாப்பிட்டோம் போங்க."

பில்லக்கா நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தாள். கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அதில் பொய் சொல்கிற கூச்சம்கூட இல்லை. அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

"அப்படியா சார். சொல்றேன்" என்றாள். பின்னால் வரிசை நின்றிருந்தது.

வார விடுமுறை வந்தது. காலை பத்து மணிக்கே அடுப்படி கொதித்துக்கொண்டிருந்தது. கணவர் டப்பாக்களை வரிசையாகத் திறந்து வைத்து ஊற்றத் தொடங்கினார். அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஏழாவது டப்பா நிறையும்போது அவளால் தாங்க முடியவில்லை.

"மேல்வீட்டுக்கு வேணாங்க."

"ஏன்?"

"அவங்க சாப்பிடறதில்ல. கீழ தொட்டியில கொட்டிக் கிடந்ததை என் கண்ணால பாத்தேன்."

அவர் டப்பா மூடியின் நாலு பக்கத்தையும் நிதானமாக அழுத்தினார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"சாப்பிடறவன் ஏதாவது குறை சொல்லுவாம்மா. உப்புக் கம்மி, காரம் ஜாஸ்தி, நேத்து மாதிரி இல்லன்னு ஏதாவது ஒண்ணு. கேன்டீன்ல என்னைத் திட்டாத ஆளே கிடையாது. தினம் தினம் பிரமாதம்னு ஒருத்தன் சொன்னா, அவன் வாயில வைக்கலைன்னு அர்த்தம்." அடுத்த டப்பாவை எடுத்தார். "போன வாரம் வேணும்னே உப்பே போடாம அனுப்பினேன். அதுக்கும் ஏறக்குறைய எல்லா வீட்லேர்ந்தும் பிரமாதம்தான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. எது எதனால் வந்தது என்று தெரியாமல் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தர்கூடவா சாப்பிடல?"

"கீழ்வீட்டு டீச்சர் சாப்பிடறாங்க. பூண்டை அள்ளிக் கொட்டறேன்னு திட்டி அனுப்பறாங்க."

"அப்புறம் ஏங்க இத்தனை பேருக்குச் செய்யறீங்க?"

அடுப்பை அணைத்துவிட்டு அவரும் எதிரே கால் நீட்டி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் சமையலறையில் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"குறைச்சுச் செய்யப் பாக்காமலா இருக்கேன்? பாத்திரத்து அடியில நாலு கரண்டி கிடந்தா எனக்குக் கை ஓடறதில்ல. கடையை மூடிட்டுப் போன மாதிரி இருக்கு. சரின்னு நிறைய செஞ்சிடறேன். செஞ்சதை என் கையால கொட்ட முடியாது. இந்தக் கையால எத்தனை வருஷமா பரிமாறியிருக்கேன். அவங்க கொட்டட்டும். அது எனக்குத் தெரியாத மாதிரி இருந்துக்கலாம்."

அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"என்னாலதாங்க கொட்டறாங்க. நான் ஊரையே தொட்டுட்டு வரேன்ல."

"நீ தொட்டுட்டு வரலைன்னா இங்க பாத்திரத்துல போட என்ன இருக்கு?" என்றார் அவர். அதட்டுகிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து அடுப்பில் சின்னப் பாத்திரம் ஏறியது. அவ்வளவு சுலபமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அவள் வேலைக்குப் போகும் முன் அரிசியை டம்ளரால் அளந்து வைத்துவிட்டுப் போவாள். அவர் மகள் பார்க்காத நேரத்தில் இன்னொரு பிடி போட்டுவிடுவார். முதல் நாள் குழம்பில் உப்பு கடலாகக் கரித்தது. முந்நூறு பேருக்குப் பழகின கை மூன்று பேருக்கு எவ்வளவு என்று தெரியாமல் தடுமாறியது. மகள் சாயங்காலம்வரை தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பயந்துபோய் உப்பே காணோம். அவர் சமைக்கும்போது முகத்தில் இருந்த பரபரப்பு போய்விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை கணக்குப் போடுவது போல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பழகிக்கொண்டார், ஆனால் சந்தோஷமாகப் பழகவில்லை. வெளியே போனது ஒரே ஒரு டப்பா, கீழ்வீட்டு டீச்சருக்கு. பூண்டு குறைந்த பாடில்லை, திட்டும் நிற்கவில்லை.

ஊரடங்கு ஒரேயடியாக முடியவில்லை. கொஞ்சம் திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து, எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாமலே முடிந்தது. பாக்கெட்டுகளைக் கழுவுவதும் அப்படித்தான் நின்றுபோனது. ஒருநாள் மகள் வாளியை எடுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள். கேன்டீன் இருந்த இடத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடுபண்ணித் தரும் இரண்டு இயந்திரங்களை வைத்தார்கள். கணவரைக் கூப்பிட்டு நல்லபடியாகப் பேசி, கைகொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாள் வீட்டில் வெறுமனே இருந்தார். பிறகு ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை கிடைத்தது. உப்பு இல்லாத, காரம் இல்லாத, நோயாளிகளுக்கான சாப்பாடு. "அங்க யாரும் திட்டறதுகூட இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார். விடியும் முன்பே அவர் கிளம்ப வேண்டியிருந்தது.

அடுப்படி திரும்பவும் பில்லக்கா கைக்கு வந்தது. முதல் நாள் மஞ்சள்தூள் எங்கே என்று தெரியாமல் நின்றாள். அவர் எல்லாவற்றையும் கேன்டீன் முறைப்படி இடம் மாற்றி வைத்திருந்தார். பழையபடி அடுக்க நினைத்தாள். அப்புறம் அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டாள். காலையில் மூன்று டப்பா கட்டுவதையும் விட்டாள். இப்போதெல்லாம் ஒரு வேளைதான் சமையல். வாரத்துக்கு ஒருமுறைதான் சாமான். தள்ளுவண்டிக்காரி அந்த முனைக்குத் திரும்பி வரவே இல்லை. சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார், ஃபோனில் ஆர்டர் எடுக்கிறாள் என்று இன்னொருவர் சொன்னார். யாரிடமும் அவள் நம்பர் இல்லை. ஃபிரிட்ஜை இப்போது திறந்தால் ஏதாவது ஒன்று காலில் விழுகிற அளவுக்கு நிறைந்திருக்கிறது. வாரக் கடைசியில் கீரை அழுகிப்போகிறது.

இன்சூரன்ஸ்காரர் லிஃப்டில் பார்த்தால் சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள்.

போன விடுமுறை நாளில் கணவர் மருத்துவமனைக்குப் போயிருந்தார். அவள் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாதி நறுக்கிய வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை வைத்து என்ன செய்யலாம் என்று வெகுநேரமாக யோசனை. மகள் வந்து கதவருகே நின்றாள்.

"நான் எதாவது செய்யட்டுமாம்மா?"

"உனக்குப் பசிக்குதா?"

"இப்போ இல்ல."

"அப்போ இப்படி வந்து உக்காரு" என்றாள் பில்லக்கா. "பசிக்கறப்ப பாத்துக்கலாம்."