குழாயடிக்குப் போன லாத்தா

பர்மாவில், பசுந்தாங் என்ற பேட்டையில், எங்கள் வரிசையின் நாலு வீடுகளுக்கும் பின்கட்டில் ஒரே கிணறு. அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருந்த பெண்கள் சந்திக்க வேறு இடம் கிடையாது. துவைப்பதும் தலை சீவிவிடுவதும் கிணற்றடியில்தான்.

காலராவுக்குப் பயந்து முனிசிபாலிட்டி கிணறுகளை மூடியது. ஆண்களுக்கு முன்பே தெரியும். பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு பகலில் ஆட்கள் திமுதிமுவென்று உள்ளே நுழைந்து, மண்ணும் கல்லும் கொட்டித் தூர்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் அடுப்படிக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். இனி தண்ணீர் தெருக்குழாயில். அதுவும் தேநீர்க்கடைக்கு நேர் எதிரே.

வாப்பா ஏற்பாடு செய்த தண்ணீர்க்காரர் ஊற்றியது சமையலுக்கே போதவில்லை. லாத்தா, என் அக்கா, பிள்ளை பெற்றிருந்த நேரம். துணிகள் நாறத் தொடங்கின. ஒரு காலையில் லாத்தா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு குடத்தை எடுத்தாள்.

"வாப்பா வரட்டும்டி," என்று உம்மா கதவை மறித்தார்.

"வாப்பா வந்தா தண்ணி வந்துருமா உம்மா?"

நானும் கூடப் போனேன். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றும்போது துப்பட்டி நழுவியது. கடையில் யாரோ சிரித்தார்கள். லாத்தா துப்பட்டியைப் பிடிக்கப் போய்ப் பாதித் தண்ணீர் கொட்டிப்போனது. பின்னால் நின்ற பர்மியப் பெண் தன் குடையை விரித்துக் கடைப்பக்கம் மறைத்துப் பிடித்தாள். "யபாதே, யபாதே," என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். லாத்தா மறுபடி குடத்தை நிரப்பினாள்.

சாயங்காலம் வாப்பா வீட்டுக்கு வருமுன்பே செய்தி அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"நம்ம வூட்டுப் பொம்பள ரோட்டுல நின்னாளாமே?"

"கெணத்த மூட வந்தப்ப நீங்க என்ன வாப்பா சொன்னீங்க?"

"கவர்மெண்டுகிட்ட நான் என்னத்தம்மா சொல்லுறது?"

"அப்ப என்னையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

வாப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் அவர் தடுக்கவில்லை. விடியலில் சுபுஹு தொழுதவுடன், கடை திறக்கும் முன்பே, பக்கத்து இரண்டு வீட்டுப் பெண்களும் லாத்தாவோடு சேர்ந்துகொண்டார்கள். போகப் போக லாத்தா பர்மியப் பேச்சுக் கற்றாள். தனியாக டிராம் ஏறி ஊரின் மறுகோடியில் இருந்த லான்மடாவ் வரை போய்வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் காலராவுக்கு யாரும் சாகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி வீட்டுச் சாச்சியை மட்டும் அவர் புருஷன் குழாயடிக்கு விடவில்லை. சாச்சி கூரையில் வழிந்த மழைத்தண்ணீரைப் பிடித்துச் சமாளித்தார். கிணறு போனபின் அந்த வீட்டுப் பின்கட்டுக் கதவையும் ஆணியடித்து மூடிவிட்டார்கள். நாங்கள் இருந்தது அதே வரிசை. இருந்தும் அவர் முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.