நட்சத்திரம் முடிந்த திங்கட்கிழமை

மூதூரில் ஒரு சின்னப் பாலர் பாடசாலையை ஒன்பது வருசமாக நடத்துகிறவர் பஹ்மியா டீச்சர். போன வருசம் அங்கே வந்து சேர்ந்தவள் நாலரை வயது ஆதிலா. வெண்கட்டி கிடைத்தால் போதும், சீமெந்துத் தரை முழுக்க வள்ளம் கீறுவாள். எஞ்சின், வலை, கடலுக்குப் போகும் அவளுடைய வாப்பா முனாஸ், எல்லாம் அதில் வரும். கூப்பிட்டாலும் காதில் விழாது.

அவளை இன்னும் உற்சாகப்படுத்தலாம் என்றுதான் பஹ்மியா தங்க நிற ஒட்டு நட்சத்திரங்கள் வாங்கி வந்தார். தாளில் கீறும் ஒரு படத்துக்கு ஒன்று. சுவரில் ஆதிலாவின் பெயருக்கு நேரே நட்சத்திரங்கள் நிறைந்தன. முனாஸ் அதைப் போனில் படம் பிடித்துக் கொண்டுபோனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை நட்சத்திரங்கள் முடிந்துவிட்டன.

"இண்டைக்கு நட்சத்திரம் இல்ல மகள். நீங்க கீறுங்க."

ஆதிலா பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் கீறணும்?"

பஹ்மியா சிரித்தார். "வள்ளம் கீற உங்களுக்கு ஆசைதானே?"

"இல்ல டீச்சர். அது நட்சத்திரத்துக்கு."

பஹ்மியா அலுமாரியைத் திறந்து அவளுடைய தாள்களை மேசையில் பரப்பினார். முதல் வாரத்து வள்ளத்தில் மூன்று பேர் வலை இழுத்தார்கள். போன வாரத்தில் பதினொரு தாள்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு வளைந்த கோடு, வேறொன்றும் இல்லை. பதினொன்றுக்கும் "கெட்டிக்காரி" என்று சொல்லி ஒட்டியது தன் கைதான். பிள்ளைகளின் குட்டிக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே சுவரில் இருந்த நட்சத்திரங்களை எல்லாம் கழற்றினார். அடுத்த நாள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு முனாஸ் வந்து நின்றார்.

"டீச்சர், மகள் என்ன பிழை செஞ்சவ?"

"அவ ஒண்டும் செய்யல்ல. நான்தான் பிழை விட்டுட்டன்."

முனாஸுக்கு விளங்கவில்லை. தாள்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் காட்டினார் பஹ்மியா. முனாஸ் கடைசித் தாளை எடுத்து முதல் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த வருசம் ஆதிலா ஒரு வள்ளமும் கீறவில்லை. பஹ்மியா எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து தானே கீறிப் பார்த்தார். அவள் எட்டியும் பார்க்கவில்லை.

மாரி மழையில் முற்றத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு காலையில், ஆதிலா சிரட்டையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். சட்டை முழுக்கச் சேறு.

"என்ன செய்யிறீங்க மகள்?"

"தண்ணி ரோட்டுக்குப் போகணும். நீங்க வழியில நிக்கிறீங்க, தள்ளி நில்லுங்க டீச்சர்."

பஹ்மியா வாய்வரை வந்த "கெட்டிக்காரி"யை விழுங்கிக்கொண்டு தள்ளி நின்றார்.