வரிசையில் நின்ற போத்தல்கள்

எங்கள் அரசாங்க மருந்துச்சாலையில் வரிசையில் நிற்பவை போத்தல்கள். கலவை மருந்துக்கு வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுபோக வேண்டும். விடியவே அதை விறாந்தையில் வைத்துவிட்டு, மருந்து கலந்து ஊற்றும் அப்போதிக்கரி எப்போது கூப்பிடுவார் என்று பின்னேரம் வரை வாவிக்கரை மரநிழலில் கிடப்போம். ஊரெல்லாம் மலேரியா பரவிய வருசம் அது. என் புருசனும் படுத்த படுக்கை. என் போத்தலின் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தேன்.

ஒருநாள் கொழும்பிலிருந்து பெரிய டாக்குத்தர் சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. சனம் காத்துக்கிடப்பது தெரியக்கூடாதென்று அப்போதிக்கரி எங்களைக் கிணற்றடி வேலிக்குப் பின்னால் துரத்திவிட்டார். அந்த அவசரத்தில் போத்தல்களை மறந்துபோனார்.

கார் வந்து நின்றது. நான் வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் யாருட போத்தல்?" என்று கேட்டார் பெரிய டாக்குத்தர்.

"கழுவிக் காய வச்சிருக்கு, சேர்," என்றார் அப்போதிக்கரி.

எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ, வேலியைச் சுற்றி ஓடிப்போய் முன்னால் நின்றேன். "சிவப்புத் துணி கட்டினது என்ட போத்தல், ஐயா. விடியவே கொண்டந்து வச்சனான்."

பின்னாலேயே சனம் முழுவதும் வந்து அவரவர் போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது.

 பெரிய டாக்குத்தர் ஒரு கதிரையை எடுத்து வாசலில் போட்டு, அப்போதிக்கரியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெயில் ஏறுவதற்குள் எல்லாப் போத்தலும் நிறைந்துவிட்டது.

தோணியில் திரும்பும்போது எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எனக்கோ கோபம் இன்னும் கூடியது. அந்த அப்போதிக்கரிக்கு இவ்வளவு வேகமாக மருந்து ஊற்றத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.