மோஸ் விளக்கு தொங்காத ஒரே மேசை

டென்மார்க்கில் வைலே நகராட்சியின் சாக்கடைப் பிரிவில் வரைபடம் போடும் ஐவின் க்ரோவைப் பொறாமைக்காரர் என்று சொன்னால் அது அநியாயம். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் சுற்றிச் சுற்றி வந்து மனமாரப் பாராட்டுவார். தனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன் தனக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தபோது முதல் பூங்கொத்தை வாங்கிப் போனவர் அவர்தான். உலகத்தார் அத்தனை பேர் மேலும் பட வேண்டிய பொறாமையைச் சிந்தாமல் சிதறாமல் சேர்த்து வைத்து ஒரே ஒரு மனிதர் மேல் செலவழித்தார், அவ்வளவுதான். அந்த மனிதர் ஸ்வென்னிங் மோஸ்.

மோஸ் விளக்கின் மோஸ்தான். கவிழ்த்து வைத்த பூவைப் போல, ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வெள்ளைத் தகடுகள். உள்ளே பல்பு இருக்கும், ஆனால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் அது கண்ணில் படாது. வெளிச்சம் மட்டும் தட்டில் வந்து இறங்கும். அந்த நாட்டில் வயதுக்கு வந்து சர்ச்சில் திடப்படுத்தல் பெற்ற பிள்ளைக்கு இந்த விளக்கைத்தான் கொடுப்பார்கள். புதுக் குடித்தனத்துக்கும் இதைத்தான் கொடுப்பார்கள். ஓய்வு பெறுகிறவருக்கும் இதைத்தான். பிறந்த நாட்டின் கொடி இல்லாத வீட்டைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம், மோஸ் விளக்கு இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஐவினும் மோஸும் தொழிற்பள்ளியில் ஒரே மேசையில் உட்கார்ந்து படம் வரையக் கற்றவர்கள். ஐவினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில் ஒரு விளக்குப் போட்டி வந்தது. இருவரும் கலந்துகொண்டார்கள். மோஸ் தகரத்தில் செய்தார். ஐவின் தாளைப்போல் மெல்லிய பீச் மரச் சீவல்களை வளைத்துச் செய்தார். அழகில் ஐவினுடையதுதான் ஒரு படி மேல் என்று பார்த்தவர்கள் சொன்னதாக ஐவின் நினைவு. நடுவர்கள் அதைச் சுற்றி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது விளக்கு புகையத் தொடங்கியது. பிறகு சின்னதாக ஒரு தீ. ஒரு பெண் நடுவர் தன் காப்பியை அதன் மேல் ஊற்றினார். நாற்பது வாட் பல்புக்குச் செய்த விளக்கில் நூறு வாட் பல்பை மாட்டியவன் எவன் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. முதல் பரிசு மோஸுக்கு.

அன்றிலிருந்து ஐவின் எங்கே போனாலும் மோஸ் அவருக்கு முன்பே போய்த் தொங்கிக்கொண்டிருந்தார். பல் மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் மோஸ். நூலகத்தில் வரிசையாகப் பன்னிரண்டு மோஸ். சொந்தத் தங்கை வீட்டில் மோஸ், அதுவும் தங்கை ஒவ்வொரு ஞாயிறும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் மோஸ். மாமனார் இறந்தபோது, அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காப்பிக்கு உட்கார்ந்தார்கள். ஐவின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தலைக்கு மேல் மோஸ். ஐவின் துக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். மாமனார் மேல் இத்தனை பிரியமா என்று உறவினர்கள் நெகிழ்ந்தார்கள்.

இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது. "நானும் ஒரு காலத்தில் விளக்கு வரைந்தேன்" என்று வைலேயில் ஒருவர் சொன்னால் கேட்பவர் மூச்சை உள்ளுக்கு இழுத்து "ஓ, அப்படியா" என்பார். அந்த மூச்சுக்குப் பிறகு அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. கொலை செய்தவனை மன்னிப்பார்கள். தன்னை ஒரு ஆளாக நினைத்துக்கொண்டவனை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் மனைவி கெர்டாதான்.

ஆனால் ஒரு மேசை மிச்சமிருந்தது. ஐவின் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அதற்கு மேலே கூரையில் வெறும் கொக்கி மட்டும் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கே மெழுகுவத்திதான். மின்சார வெளிச்சம் ஜீரணத்துக்கு ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். கெர்டா அந்த மினுக்கு வெளிச்சத்திலேயே மீனில் முள் எடுக்கக் கற்றுக்கொண்டாள், விரலால் தடவித் தடவி. குளிர்காலத்தில் மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடும் ஊர் அது. பின்னல் வேலைக்கு அவள் குளியலறைக்குப் போய்விடுவாள், அங்கே நல்ல பல்பு.

இவர்கள் மெழுகுவத்தியில் சாப்பிடுவது தெரு முழுவதற்கும் தெரியும். அந்தத் தெருவில் யாரும் திரை போடுவதில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்பது கொள்கை. எதிர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிவது பலன்.

எதிர் வீட்டு ரிக்மோர் ரொட்டிக்கடைக்காரி. நல்ல மனசு, அதைவிடப் பெரிய குரல். ரயில்வேயில் வேலை பார்க்கும் தன் புருஷன் ஓவேயிடம் அவள் பல வருடங்களாகச் சொல்லிவந்தாள்: "பாவம்யா அதுங்க. ஒரு வெளக்கு வாங்க வக்கில்ல. நகராட்சிச் சம்பளத்துல என்னதான் பண்றானோ அந்த மனுசன்."

"குடிக்கிறானோ என்னமோ."

"குடிக்கிறவன் மூஞ்சியா அது? குடிச்சிருந்தா கொஞ்சம் சிரிச்சிருப்பான்."

இப்படித்தான் அந்த நல்லெண்ணம் வளர்ந்தது.

ஐவின் கெர்டா தம்பதியின் வெள்ளி விழா நாள் வந்தது. வழக்கப்படி அதிகாலையில் அண்டை வீட்டார் வந்து வாசலில் பச்சைத் தழைகளால் வளைவு கட்டினார்கள். ஓவே ஊதுகொம்பு கொண்டுவந்திருந்தார். அவருக்கு ஊதத் தெரியாது, இருந்தாலும் ஊதினார். எல்லோரும் பாடினார்கள். ஐவின் இரவு உடுப்புக்கு மேலே கோட்டு மாட்டிக்கொண்டு, கெர்டா கையைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அந்த நிமிடத்தில் அவருக்கு உலகத்தில் யார் மேலும், மோஸ் மேலும்கூட, எந்த வருத்தமும் இல்லை.

"உள்ள வாங்க, ரொட்டியும் ஆளுக்கொரு மடக்கு ஸ்னாப்ஸும் இருக்கு," என்றார்.

உள்ளே வந்ததும் ரிக்மோர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை மேசை மேல் வைத்தாள். "தெருவே சேந்து குடுக்குறது. தப்பா நெனைக்கக் கூடாது, ஐவின். உங்க ஜன்னலப் பாத்துப் பாத்து எங்களுக்கே சோறு எறங்கல."

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஐவினுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவில் பெட்டி வேறு எதற்கும் கிடையாது.

நான்கு வெள்ளைத் தகடுகள்.

"பேச்சே வரல பாருங்க," என்றார் ஓவே.

கெர்டாவுக்கும் வரவில்லை. அவள் தகட்டின் விளிம்பை விரலால் தடவினாள். பிறகு அழுதாள். ரிக்மோரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷத்தின் அழுகை என்பதில் கணவருக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை வருடமும் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இவள் மனசுக்குள் மோஸ் விளக்கை வைத்துக்கொண்டுதான் மீனைத் தடவியிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வேறு ஒரு ஆணின் புகைப்படத்தை அவள் கைப்பையில் கண்டிருந்தால் இத்தனை வலித்திருக்காது.

"சனிக்கிழம சாயந்தரம் காப்பிக்கு வர்றோம்," என்று ரிக்மோர் அறிவித்தாள். "வெளக்கு எரியுறதப் பாக்கணும்ல."

மறுக்க வழியில்லை. மாட்டாமல் இருக்கவும் வழியில்லை, ஜன்னல்தான் திறந்து கிடக்கிறதே. வெள்ளிக்கிழமை வரை ஐவின் சோறு தண்ணி இல்லாமல் யோசித்தார். பிறகு வழி கண்டார்.

மோஸ் விளக்கை மோஸைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். இத்தனை காலம் குறை தேடிப் படித்த மாணவர் வேறு யார் உண்டு? அதன் மாயமெல்லாம் அது தொங்கும் உயரத்தில் இருந்தது. மேசைக்கு மேலே தாழத் தொங்கினால் பல்பு மறையும். இரண்டு சாண் ஏற்றிவிட்டால் போதும், கடைசித் தகட்டுக்கு அடியிலிருந்து பல்பு நேராகக் கண்ணில் குத்தும். விருந்தாளி கூசுவான், நெளிவான், தலைவலியோடு வீட்டுக்குப் போவான். போகும்போது யாரைத் திட்டுவான்? வரைந்தவனைத்தான். தெருவில் ஒரு வீட்டிலாவது மோஸின் பெயர் கெடும். ஐவின் ஏணி போட்டு ஏறினார். ஒயரைக் கொக்கியில் கூடுதலாக இரண்டு சுற்றுச் சுற்றி உயர்த்திக் கட்டினார்.

கெர்டா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் மேல இருக்கோ, ஐவின்?"

"தலையில இடிக்காம இருக்கணும்."

"மேசை மேலயா நடக்கப் போறாங்க?"

அவர் ஏணியை மடித்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்கு கேக்குக்கு க்ரீம் அடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு போடப்பட்டது. ஐவின் கல்யாண நாளில்கூட அத்தனை உபசாரமாக இருந்ததில்லை. காப்பியைத் தானே ஊற்றினார். ஓவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பதில் உப்பை இழுத்தார். ரிக்மோர் நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினாள், பிறகு வலப்பக்கம், பிறகு கையை நெற்றியில் கூரை போல வைத்துக்கொண்டு கேக் தின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாங்களே வாங்கிக் கொடுத்தது.

ஐவின் மெல்ல எடுத்துக் கொடுத்தார். "வெளிச்சம் கொஞ்சம் குத்துதோ?"

"அதெல்லாம் இல்ல," என்றார் ஓவே, தண்ணீர் வழியும் கண்களோடு.

"பெரிய பேருதான். ஆனா பேரு பெருசா இருக்கற எடத்துல இப்படி ஆகறதும் உண்டு. நான் குறை சொல்லல."

ரிக்மோர் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "வெளக்கு மேல என்ன குறை? எங்க வீட்ல இதேதான் தொங்குது. ஐவின், இத யாரு மாட்டினது?"

மேசையில் இருந்த அத்தனை கண்களும், கூசிக்கொண்டே, அவர் மேல் திரும்பின. அவற்றில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. மெழுகுவத்தியிலேயே காலம் கழித்தவனுக்கு விளக்கு மாட்ட எப்படித் தெரியும்?

"இது தெரியாம போச்சே உங்களுக்கு," என்று ஓவே ஷூவைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறினார். "பாருங்க, ரொம்ப சிம்பிள். எதிர்ல இருக்கறவன் மூஞ்சி தெரியணும், பல்பு தெரியக்கூடாது. மோஸோட சூட்சுமமே அதான். அந்தாளு அத எவ்ளோ யோசிச்சு வரஞ்சிருக்காரு."

ஐவினுக்கு வாய் வரை வந்துவிட்டது. எனக்குத் தெரியும், உன்னைவிட, அவனைவிட. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: தெரிந்தும் ஏன் இப்படி மாட்டினாய்? ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை பொறாமைக்காரனாக. அவர் கெர்டாவைப் பார்த்தார். கெர்டா சாவகாசமாகக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இதெல்லாம் பழக்கமில்ல," என்றாள். "சாக்கடைதான் வரைவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஐவினும் சிரித்தார். ஓவே ஏறி நின்ற நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்; அதை விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்து போனது.

ஓவே சுற்றை அவிழ்த்தார். ரயில்வேக்காரர்களுக்கு எதையும் அளவாகச் செய்து பழக்கமில்லை. விளக்கு ஒரேயடியாக இறங்கி, கேக்குக்கு மேலே மூக்கை நுழைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ரிக்மோருக்குக் கழுத்து வரைதான் இருந்தது, தலை இல்லை.

"இப்ப சரியா?" என்றார் ஓவே.

"பரவால்ல," என்றது தகட்டுக்குப் பின்னாலிருந்து ரிக்மோரின் குரல்.

பரவாயில்லை என்கிறார்கள். இந்த விளக்கை இப்படித் தொங்கவிட்டுவிட்டுப் பரவாயில்லை என்கிறார்கள். ஐவினால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மோஸ் எக்கேடு கெட்டுப் போகட்டும், ஆனால் ஒரு தகடு அடுத்த தகட்டின் நிழலைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் ஓவேயை இறங்கச் சொன்னார். தானே ஏறினார். ஒயரை அரைச் சுற்றுச் சுற்றினார், நின்று பார்த்தார், ஒரு விரற்கடை தளர்த்தினார்.

பல்பு மறைந்தது. தட்டுகள், கேக், கைகள், முகங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. யாரும் சொல்லாமலே எல்லோரும் நெற்றியைத் தளர்த்தினார்கள்.

"அட, கத்துக்கிட்டாரே," என்றாள் ரிக்மோர். "ஒரு தடவ காட்டினா போதும்."

ஐவின் நாற்காலி மேல் நின்றபடியே கெர்டாவைத் தேடினார். அவள் முகத்தில் வெளிச்சம் வழிந்து கிடந்தது. இத்தனை அழகான முகம் தன் மேசையில் இருந்ததா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. அவள் நிமிர்ந்து, கண் இமைக்காமல், நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கைத்தான்.